ஆளை எடை போடும் முன் இலையை எடை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பசுந்தேயிலை விலை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், ‘சிறு விவசாயிகள் அக்கறையில்லாமல் முற்றிய கரட்டு இலையை அனுப்புகிறார்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள். டீயைச் சுவைத்துத் தரம் சொல்பவருக்கு அப்படித்தான் தோன்றும். கோப்பையில் நிறமும் காரமும் குறைந்தால் பறித்தவர் மேல்தான் சந்தேகம். டீ ருசிப்பதைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டு மலையேறி வருகிறவர்களோ, ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’ என்று தொழிலாளிக்கே பாடம் எடுக்கிறார்கள்.

கவாத்து, அதாவது செடியை வெட்டிவிடும் வேலை, தெரிந்தவருக்கு அதே இலை வேறு சேதி சொல்லும். மொட்டு எழும்பாமல் நுனியில் இலை மட்டும் விரிந்து நின்றுவிட்டதா? செடி வறட்சியிலோ குளிரிலோ அடங்கிக் கிடக்கிறது, இல்லை கவாத்து தள்ளிப்போயிருக்கிறது. பாதி வெட்டுப்பட்ட இலை நிறைய இருந்தால் அது கத்தரியில் அறுத்தது. கத்தரி ஒரே மட்டத்தில் வெட்டும். இளசு, முற்றல் பார்க்காது. கோத்தகிரி, மஞ்சூர் பக்கமெல்லாம் பறிக்க ஆள் கிடைக்காமல்தான் கத்தரியை எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் திரும்ப வேண்டிய பறிப்பு இருபது நாளானால் மூன்றாம், நான்காம் இலை முற்றிவிடும். தண்டை ஒடித்தாலே தெரியும்: பட்டென்று முறிந்தால் இளசு, நார் தொங்கினால் முற்றல்.

இலை சூடேறிச் சிவந்து வந்தால் அதற்கும் பறித்தவரைத் திட்டுவது அநியாயம். சாக்கில் மிதித்து அடைத்தாலோ, வண்டி வராமல் ரோட்டோரம் வெயிலில் கிடந்தாலோ நசுங்கிய இலை அங்கேயே புளிக்கத் தொடங்கிவிடும். பிறகு தொழிற்சாலையில் இலையை வாட்டும்போது எவ்வளவு காற்று விட்டாலும் அது சீராக வாடாது. வலைப்பையில் தளர்வாகக் கட்டி நிழலில் வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

தொழிற்சாலை வாசலில் சாக்கின் மேலாப்பில் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு எடையில் கழிவு போடுவதை முதலில் நிறுத்த வேண்டும். மேல், நடு, அடி என மூன்று இடத்தில் எடுத்துக் கலந்து, மழை நாளென்றால் ஈரத்தை உதறி, 100 கிராம் நிறுத்து, இளசையும் முற்றலையும் தனித்தனியே எடை போட வேண்டும். ஒன்றும் பெரிய வேலை இல்லை. பிரிக்கும்போது இலை கொண்டுவந்தவரும் பக்கத்தில் நிற்கட்டும். இளசு 65 கிராம் என்றால் சீட்டில் 65 என்றே எழுதித் தரட்டும். ‘தரம் குறைவு’ என்று மட்டும் எழுதினால் விவசாயி எதைத் திருத்துவார், பறிப்பு நாளையா, கத்தரியையா, சாக்கையா?

— ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி வட்டம், நீலகிரி