செயலாளர் ஆண்டறிக்கை: தெர்மல் கேமரா வந்த வருடம்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். கருவிகளைப் பொதுவில் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை நிர்வாகக் குழு சார்பில் வைக்கிறேன். கூட்டங்கள் தவறாமல் நடந்தன, ட்ரில்லிங் மெஷினும் ஏணிகளும் நல்ல நிலையில் இருக்கின்றன, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு முழுக்க நம் பேச்சு, பொருள்களின் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவைப் பற்றித்தான், அதனால் அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

கேமரா கேட்டு நோட்டில் உறுப்பினர்கள் எழுதியிருக்கும் காரணங்களைப் படித்தாலே நாம் அதனிடமிருந்து என்ன எதிர்பார்த்தோம் என்று தெரிந்துவிடும். பாதிப் பேர் சுவருக்குள் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சினிமா செய்த வேலை. இந்தக் கேமரா சுவருக்குள் பார்க்காது, எதன் மேற்பரப்பு எவ்வளவு வெப்பக் கதிர் வீசுகிறது என்பதை மட்டும்தான் பார்க்கும். சுவருக்குள் வெந்நீர்க் குழாய் ஓடினால், அந்தச் சூடு சுவரின் வெளிப்பக்கம் வரை வந்து சேர்ந்த பிறகு ஒரு மங்கலான கோடு தெரியும். குழாயில் தண்ணீர் சுவரின் அதே சூட்டில் இருந்தால் ஒன்றும் தெரியாது, கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

எப்படி வேலை செய்கிறது என்று பயிற்சி வகுப்பில் சொன்னதை, வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார், சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்திலும் பாதரசம் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் பிடிபட்டது அப்படித்தான். சூடு என்று நாம் நினைக்காத பொருளும், ஐஸ்கட்டி உட்பட, இந்தக் கதிரை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் என்றால், நம் உடல் சூட்டில் இருக்கும் ஒரு பொருள் அதிகமாக வெளியிடுவது 9, 10 மைக்ரோமீட்டர் பக்கம். நம் கேமரா பிடிப்பது 8 முதல் 14 வரை, காற்று இந்தக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது என்பதும் ஒரு வசதி.

உள்ளே இருக்கும் சென்சார்தான் எனக்கு ஆச்சரியம். ஒவ்வொரு பிக்சலும் வனேடியம் ஆக்சைடு பூசிய ஒரு மெல்லிய தகடு, முடியின் தடிமனை விடச் சிறியது, வெற்றிடத்தில் இரண்டு மெல்லிய கால்களில் தொங்குகிறது. கதிர் பட்டதும் தகடு துளி சூடாகும், அதன் மின்தடை மாறும், அந்த மாற்றத்தை அளந்து படமாக்குகிறார்கள். கீழே இருக்கும் சிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் சூடு அதில் இறங்கிவிடும், அதனால்தான் இந்தத் தொங்கல். நல்ல கேமராக்கள் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூடக் காட்டிவிடும். நிறம் மட்டும் நிஜமில்லை, மென்பொருள் பூசுவது. சுற்றிலும் எல்லாம் குளிர்ந்திருந்தால் வெறும் வெதுவெதுப்பும் வெள்ளையாகப் பளிச்சிடும், அதனால் நிறத்தைப் பார்த்துப் பதறாமல் ஓரத்தில் இருக்கும் அளவைப் பாருங்கள்.

இரண்டு புகார்கள் வந்தன. அடிக்கடி ‘டக்’ என்று சத்தம் வந்து படம் ஒரு கணம் நிற்கிறது என்று ஒருவர் திருப்பிக் கொடுத்தார். அது கோளாறு இல்லை, உள்ளே ஒரு மூடி சென்சாரை மறைத்து எல்லாப் பிக்சல்களையும் சமன்படுத்துகிறது. படம் விட்டு விட்டு நகர்கிறது என்பது இன்னொன்று. ராணுவப் பயன்பாடு காரணமாக ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருப்பதால், சாதாரண மாடல்கள் பலவற்றை நொடிக்கு 9 படங்களுக்குள் நிறுத்தியே விற்கிறார்கள். அப்புறம் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க முயன்றவர்களுக்கு: சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிருக்குச் சுவர் மாதிரி. அதில் தெரியும் வெளிச்ச உருவம் கேமராவைப் பிடித்திருக்கும் நீங்கள்தான். கேமராவின் லென்ஸே கண்ணாடி இல்லை, ஜெர்மேனியம். கண்ணால் பார்த்தால் உலோகத்துண்டு போல இருக்கும், ஆனால் இந்தக் கதிர் அதனூடே போய்விடும். சேலைத் தலைப்பாலோ சட்டையாலோ அதைத் தேய்க்க வேண்டாம், மேல்பூச்சு போய்விடும்.

உருப்படியான பயன் என்றால் மின்சார போர்டுகள்தான். ஒரு உறுப்பினர் வீட்டில் எலக்ட்ரீஷியனை வைத்து மூடியைக் கழற்றி, எல்லாச் சாதனங்களையும் ஓடவிட்டுப் பார்த்தோம். வரிசையாக இருந்த பிரேக்கர்களில் ஒன்றின் திருகு முனை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது, வெள்ளை அந்த வயரின் வழியே கொஞ்ச தூரம் மஞ்சளாக இறங்கிப் பிறகு மறைந்தது. மெயினை அணைத்துத் திருகைத் தொட்டால் லூஸ், வயரின் தோல் பழுப்பேறி நொறுங்கியது. கரண்ட் இரண்டு மடங்கானால் லூஸ் இணைப்பில் வரும் சூடு நான்கு மடங்காகும், அதனால் லோடு இல்லாமல் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று எழுதக் கூடாது.

அதே போர்டில் பளபளவென்றிருந்த செம்புப் பட்டை மட்டும் குளிர்ந்திருப்பதாகக் காட்டியது. பளபளப்பான உலோகம் தன் கதிரை மிகக் கொஞ்சமாகத்தான் வெளியிடும், மீதியெல்லாம் எதிரில் இருப்பதன் பிரதிபலிப்பு. மின்சாரத்தை அணைத்து அதில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி மறுபடி ஓடவிட்டதும் டேப் இருந்த இடத்தில் உண்மையான சூடு தெரிந்தது. தோல், பெயின்ட், டேப் இவற்றில் அளவை நம்பலாம், பளபளக்கும் எதிலும் நம்பாதீர்கள்.

கூரைக் கசிவுக்கும் உதவியது. ஈரம் ஆவியாகும்போது அந்த இடம் குளிரும், படத்தில் கறுத்த திட்டாக விழும். ஆனால் குளிர்காற்று படும் மூலையும் அதே மாதிரி விழும், அதனால் படத்தை மட்டும் வைத்து யாரும் சுவரை இடிக்க வேண்டாம். சோலார் பலகையில் கெட்ட செல், மோட்டாரில் தேய்ந்த பேரிங், இதெல்லாமும் நன்றாகவே பிடிபட்டன. தீயணைப்பு வீரர்கள் இதைப் புகைக்குள் கொண்டுபோகக் காரணம், புகைத்துகள் இந்த அலைநீளத்தை விட மிகச் சிறியது என்பதால் கதிர் பெரும்பாலும் தப்பி வந்துவிடுகிறது, தரையில் விழுந்து கிடப்பவர் தெரிகிறார்.

நிர்வாகக் குழு மறுத்த விண்ணப்பங்களையும் சொல்ல வேண்டும். உடம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கக் கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேவுக்குப் பதிலாகத் தெர்மல் படத்தை நம்பக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் கேமராவும் தனி ரகம், ஒவ்வொருவராக நிறுத்திக் கண்ணின் உள்மூலையைப் பார்த்து அளக்க வேண்டும், கூட்டத்தின் நெற்றியைத் தூரத்திலிருந்து பார்ப்பதில் அர்த்தமில்லை. அடுத்தவர் வீட்டுப் பக்கம் நீட்டக் கூடாது என்பது விதியில் சேர்க்கப்பட்டுவிட்டது, காரணம் எல்லோருக்கும் தெரியும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு விஷயங்கள். கேமராவை எடுப்பவர் ஒரு வகுப்பாவது வந்திருக்க வேண்டும் என்ற தீர்மானமும், கசிவைச் சரிபார்க்க ஈரப்பதமானி ஒன்று வாங்கலாமா என்பதும் இன்று வாக்கெடுப்புக்கு வருகின்றன. சூரியனை நோக்கிக் கேமராவைத் திருப்பிச் சென்சாரில் தழும்பு விழவைத்தால் பழுதுச் செலவு எடுத்தவருடையது, இதற்கு வாக்கெடுப்பு கிடையாது.

இப்படிக்கு,
செயலாளர்