வைஃபை பணி நிறைவு அறிக்கை: இரண்டு கன்ட்ரோலர் ஏற்பாடு

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் கட்டடத்தின் வைஃபை பணி நிறைவடைந்து பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. மூன்று தளங்களிலும் சேர்த்து 22 ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி), 24 போர்ட் பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் தருவது) 2, கன்ட்ரோலர் (ஆக்சஸ் பாயின்ட்களை ஓரிடத்திலிருந்து நிர்வகிப்பது) 2, யுபிஎஸ் 2 பொருத்தியிருக்கிறோம். வைஃபை பெயர், சேனல், சிக்னல் வலு எல்லாமே கன்ட்ரோலரிலிருந்து போகின்றன. ஏணி வைத்து ஏறி ஒவ்வொன்றாக மாற்றும் வேலை இனி இல்லை.

கேட் 6 கேபிள் எதுவும் 90 மீட்டரைத் தாண்டவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 சேனல்கள் மட்டும்.

ஒரு ஸ்விட்ச்சின் மொத்த பிஓஇ திறன் 370 வாட். 802.3ஏடி என்ற பிஓஇ தரப்படி போர்ட்டுக்கு 30 வாட் ஒதுக்கினால் 12 போர்ட்டுக்குத்தான் வரும். 24 போர்ட் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்ச்சில் சொருகினால், கடைசியாகச் சேர்ந்தவை மின்சாரமில்லாமல் நின்றுவிடும். அதனால் 11, 11 எனப் பிரித்தோம்; அடுத்தடுத்து இருப்பவை வெவ்வேறு ஸ்விட்ச்சில் வரும்படி. ஒரு ஸ்விட்ச் பழுதானாலும் எந்தத் தளத்திலும் வைஃபை முழுதாக அற்றுப்போகாது.

இந்தப் பணியில் குழு அதிகம் கவனம் செலுத்தியது, முதன்மைக் கன்ட்ரோலர் நின்றால் பொறுப்பேற்கும் மாற்றுக் கன்ட்ரோலரில். பெட்டியை ரேக்கில் ஏற்றிவிட்டால் போதாது. அதைச் சுற்றியுள்ள ஒவ்வொன்றுக்கும் அது இருப்பது தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டிலும் முதன்மை, மாற்று இரண்டின் பெயரும் ஐபி முகவரியும் பதிவாகியுள்ளன. பெயர், கன்ட்ரோலரில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி, கன்ட்ரோலர் எங்கே என்று ஆக்சஸ் பாயின்ட்டுக்குச் சொல்லும் ஆப்ஷன் 43-லும் இரண்டு முகவரிகளும் உண்டு: வகை எண் 241, நீளம் 8 (முகவரிக்கு 4 பைட்). முதன்மை நின்றிருக்கும் நேரத்தில் புது ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை மாட்டினாலும் அது வழி கண்டுபிடித்துவிடும். ஃபயர்வாலில், ஆக்சஸ் பாயின்ட்டும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் யுடிபி 5246, 5247 போர்ட்கள் இரண்டும் இரு கன்ட்ரோலர்களுக்கும் திறந்துள்ளன.

பல இடங்களில் விட்டுப்போவது, உள்நுழைவோரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர். மாற்றுக் கன்ட்ரோலரின் முகவரியை அதில் சேர்க்காவிட்டால், ஆக்சஸ் பாயின்ட் எல்லாம் ஒழுங்காக இடம் மாறிவிடும், வைஃபை பெயரும் தெரியும், ஆனால் யாராலும் உள்ளே நுழைய முடியாது. கோளாறு கடவுச்சொல்லில் என்றே எல்லோரும் நினைப்பார்கள். விலான்களும் (ஒரே கேபிளில் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்குகள்) அப்படித்தான்: மாற்றின் ட்ரங்க் போர்ட்டில் (விலான்கள் எல்லாம் சேர்ந்து செல்லும் போர்ட்) அவை இல்லையென்றால், இணைந்த பிறகும் ஐபி முகவரி கிடைக்காது.

இரு கன்ட்ரோலர்களின் ஃபர்ம்வேரும் (உள்ளிருக்கும் மென்பொருள்) ஒரே பதிப்பு. வேறுபட்டால், இடம் மாறும் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டும் புதுப் பதிப்பை இறக்கி மறுபடி துவங்கும். ஓரிரு நிமிடத் தடை வெகுநேரம் நீளும். கடிகாரமும் முக்கியம். கன்ட்ரோலரில் தேதி தவறினால் சான்றிதழ் சோதனை தோற்று ஆக்சஸ் பாயின்ட் எதுவும் அதில் சேராது. இரண்டும் நேரம் சொல்லும் ஒரே என்டிபி சர்வரைப் பார்க்கின்றன.

முதன்மை உயிர்பெற்றதும் ஆக்சஸ் பாயின்ட்கள் தானாக அதற்குத் திரும்பும் வசதியை அணைத்து வைத்திருக்கிறோம். முதன்மை விட்டு விட்டு வேலை செய்தால் 22-ம் இங்குமங்கும் தாவிக்கொண்டே இருக்கும். பழுது தீர்ந்தது உறுதியான பின், ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் கையால் திருப்புவதே நல்லது.

முதன்மையின் மின்வயரைப் பிடுங்கியே சோதித்தோம். அனைத்தும் மாற்றுக்குச் சென்றன. உள்நுழைவும் இணையமும் ஓரிரு நிமிடத்தில் மீண்டன. ஆனால் அந்நேரத்தில் நடந்துகொண்டிருந்த வைஃபை அழைப்பு அறுந்தது. இந்த ஏற்பாட்டின் இயல்பு அது. இதை உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஏற்பாட்டில் ஒரு கன்ட்ரோலரில் செய்த மாற்றம் மற்றதற்குத் தானாகப் போகாது. புது வைஃபை பெயரோ விலானோ சேர்ப்பவர் இரண்டிலும் செய்து, ரேக் கதவில் உள்ள பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்வயர் சோதனை நடக்கும். தேதி முன்கூட்டியே அறிவிக்கப்படும்.

பணிக்குழு