மாணவர் கணினி விளையாட்டு உருவாக்கச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு விதிப்படி தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். ஆகவே, ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட மாணவர் விளையாட்டுத் திட்டத்தைப் பற்றியே இங்கு பேசுகிறேன்.

ஆட்டக்காரர் பூனையாக உலவி, வழியில் குதிரை, யானை, புறா ஆகியவற்றின் உதவியைப் பெறுவதுதான் விளையாட்டின் கதை. முதலில் மாணவர்கள் தந்த பட்டியலில் இன்னும் பல விலங்குகள் இருந்தன. நான்கே போதும், ஆனால் அந்த நான்கும் உயிரோடு நடக்க வேண்டும் என்று செயற்குழு முடிவெடுத்தது. அது சரியான முடிவு என்று உறுதியாகச் சொல்வேன்.

முப்பரிமாண உருவங்களைச் செய்து அசைவூட்டும் பிளெண்டர் மென்பொருளில் உள்ள ரிஜிஃபை துணைநிரலில் பூனை, ஓநாய், குதிரை, பறவை, சுறா ஆகியவற்றின் உருவங்களை அசைப்பதற்கான எலும்புச் சட்டகங்கள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. சட்டகம் கிடைத்தாலும் உடலமைப்பைப் புரிந்துகொள்ளும் வேலை மிச்சமிருக்கிறது. நாலுகால் விலங்கைக் கைகளை ஊன்றித் தவழும் மனிதனாக நினைத்துக்கொள்வதே தொடக்கநிலை மாணவர்களின் வழக்கம். குதிரையின் பின்காலில் பின்னோக்கி மடிவதாகத் தெரியும் மூட்டு முழங்கால் அன்று, கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. பூனையின் காறை எலும்பு மிகச் சிறியது; மற்ற எலும்புகளோடு அது இணைவதில்லை. தோள்பட்டை எலும்பைத் தசைகளே தாங்கி நிற்பதால், பதுங்கி நடக்கும்போது முதுகுக்கு மேல் இரு தோள்களும் மாறி மாறி எழுந்து தாழ்கின்றன. தோள்பட்டைக்குரிய எலும்பைச் சட்டகத்தில் தனியாக அசைத்த அன்றுதான் எங்கள் பூனைக்குப் பூனைத்தனம் வந்தது.

குதிரைக்குத்தான் அதிக உழைப்பு தேவைப்பட்டது. நடக்கும்போது இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்ற வரிசையில் நான்கு குளம்படிகள் தனித்தனியே விழுகின்றன. டிராட் எனப்படும் மிதவேக ஓட்டத்தில் மூலைவிட்டக் கால்கள் இணைந்து விழுவதால் இரண்டே தட்டுகள். நாலுகால் பாய்ச்சலில் மீண்டும் நான்கு தட்டுகள், ஆனால் சமச்சீர் இல்லாத தாளம். பாய்ச்சலில் நான்கு கால்களும் ஒருசேர நிலத்தைவிட்டு எழும் கணத்தைப் பழைய ஓவியர்கள் கால்களை முன்னும் பின்னும் நீட்டியபடி வரைந்தார்கள். 1878இல் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக நிறுத்திய கேமராக்களால் எடுத்த படங்கள், அந்தக் கணத்தில் கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருப்பதைக் காட்டின. அந்தப் படங்களைச் சுவரில் ஒட்டிவைத்தே மாணவர்கள் கீஃப்ரேம்களை, அதாவது அசைவின் முக்கிய நிலைகளை, வைத்தார்கள்.

நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் இடத்தில்தான் சிக்கல் எழுந்தது. இரண்டு அசைவுகளையும் பாதிப் பாதியாகக் கலந்தால் கால்கள் எந்தத் தாளத்திலும் சேராமல் தடுமாறுகின்றன. திரும்பத் திரும்ப ஓடும் எல்லா அசைவுச் சுழற்சிகளையும் இடது பின்கால் ஊன்றும் கணத்திலிருந்து தொடங்கினோம். கலக்கும் நேரத்தையும் குறுக்கினோம். தடுமாற்றம் பெரும்பாலும் நீங்கியது.

யானையை வேகமாக ஓடவைக்க மாணவர்கள் அதற்குக் குதிரையின் பாய்ச்சலைக் கொடுத்துப் பார்த்தார்கள். உடனே அது பஞ்சு மூட்டைபோல் எடையிழந்துவிட்டது. மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் விரையும்போதும் யானையின் ஏதாவது ஒரு காலாவது தரையில் இருக்கும் என்பது ஆய்வாளர்கள் கண்டறிந்த உண்மை. அந்த ஒரு விதியைக் கடைப்பிடித்ததும் எடை திரும்பியது. தும்பிக்கைக்குள் எலும்பே இல்லை, முழுக்கத் தசை. ஆகவே அது சுருங்கும்போது பருக்கவும் நீளும்போது மெலியவும் செய்தோம்.

புறாவைச் செய்தவர் எங்கள் குழுவில் மிக இளையவர். புறா தலையை ஆட்டுவதில்லை. உடல் முன்னேறும்வரை தலையை ஒரே இடத்தில் நிறுத்தி, பிறகு சட்டென்று முன்னே தள்ளுகிறது. இதை அவர் தாமே பறவைகளைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இந்த அறிக்கையில் பதிவு செய்யாமல் இருக்க முடியாது.

அசைவூட்டும் அணிக்கும் நிரல் எழுதும் அணிக்கும் இடையே நடந்த விவாதங்களையும் சொல்ல வேண்டும். பூனை தாவுமுன் பதுங்குவது அழகு. ஆனால் நொடிக்கு 24 பிரேம் (தனிப்படம்) கணக்கில் அந்தப் பதுங்கலுக்கு 8 பிரேம் கொடுத்தால், பொத்தானை அழுத்திய பிறகு மூன்றில் ஒரு பங்கு நொடி எதுவுமே நடக்காததுபோல் ஆட்டக்காரருக்குத் தோன்றும். பதுங்கலை 2 பிரேமாகக் குறைத்து, எடையைத் தரையிறங்கும் அசைவுக்கு மாற்றினோம். பாதம் தரையில் வழுக்குவது இன்னொரு பிரச்சினை. ஊன்றிய பாதம் உடலுக்கடியில் பின்னோக்கிச் செல்லும் தூரத்தை, அது ஊன்றியிருக்கும் நேரத்தால் வகுத்து, அதே வேகத்தை நிரலில் கொடுத்தால் வழுக்கல் நிற்கிறது. இரு அணிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்த பிறகே இந்தக் கணக்கு நேரானது.

முடியாமல் நிற்பவை: குதிரை நின்ற இடத்தில் திரும்பும் அசைவு, சரிவில் யானையின் கால் பதிவு, ஒலி முழுவதும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறது. உறுப்பினர்களே எடுத்த விலங்கு நடைக் காணொளிகளைப் பக்கவாட்டு, முன், பின் கோணங்களில் தொகுத்துப் பொதுச் சேகரிப்பாக வைக்க வேண்டும். அசைவூட்டும் அணியும் நிரல் அணியும் திட்டத்தின் முதல் நாளிலிருந்தே சேர்ந்து கூட வேண்டும்.

மாலைகளையும் விடுமுறைகளையும் தந்து உழைத்த மாணவர்களுக்கும், பொறுமையோடு வழிநடத்திய மூத்த உறுப்பினர்களுக்கும், இடமும் கணினிகளும் தந்து உதவியவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. அறிக்கையையும் இரு தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்