கிரிஸ்டல் சென்சார்: கோட்டிங் லேப் நண்பர்கள் கவனத்துக்கு

வணக்கம். நேற்று அலுமினியம் கோட்டிங் பாதியில் தடிமன் ரீடிங் தாறுமாறாகக் குதித்தது. வெற்றிட சேம்பரைத் திறந்தால், படலத்தின் தடிமனை அளக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டலின் மேல் பழைய கோட்டிங் ரன்களின் படிவு செதில் செதிலாக உரிந்து நிற்கிறது. மூன்று நாள் தயாரித்த சாம்பிள் வீண். மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம்முடையது 6 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். உலோகம் படியப் படிய அதிர்வெண் குறையும். அந்தக் குறைவைத்தான் மானிட்டர் தடிமனாகக் கணக்கிடுகிறது. கிரிஸ்டலை மாற்றும்போது கவனம்: விரல் எண்ணெய் பட்ட இடத்தில் படலம் சரியாக ஒட்டாது. எனவே கையுறை போட்டு, பிளாஸ்டிக் ட்வீசரால் விளிம்பை மட்டும் பிடியுங்கள். முழுக்க உலோகம் பூசிய பக்கம் ஆவி வரும் திசையைப் பார்க்கணும், மறுபக்கம் ஸ்பிரிங் காண்டாக்டில் உட்காரணும்.

கிரிஸ்டல் உட்காரும் ஹோல்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். அந்தச் சின்ன ஸ்பிரிங் கால்களை மட்டும் தயவுசெய்து வளைத்துவிடாதீர்கள். உலோகத்தை ஆவியாக்கக் கரண்ட் ஏற்றும் முன் சென்சாருக்குக் குளிர்நீர் ஓடுகிறதா பாருங்கள். சூடானால் ரீடிங் தானாக நகரும்.

புதுக் கிரிஸ்டல்கள் டெசிகேட்டரின் (ஈரம் புகாமல் வைக்கும் பெட்டி) மேல்தட்டில் இருக்கின்றன. மாற்றியவர் தேதியை லாக் புக்கில் எழுதிவிடுங்கள்.