ஓஎஸ் பேரை மட்டும் போட்டா போதுமா சார்?

ஆசிரியர் சார், வணக்கம்.

உங்க பேப்பர் டெக் பக்கத்துல 'விண்டோஸ் 10 முடிஞ்சாச்சு, மாறுங்க'ன்னு ஒரு கட்டுரை வந்துச்சே, அதை எங்கப்பா கத்தரிச்சு எடுத்து வச்சிருந்து நான் போனதும் கையில குடுத்துட்டாரு. விண்டோஸுக்குப் பதிலா போடக்கூடிய ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்குற அடிப்படை சாஃப்ட்வேர்)னு லினக்ஸ் மின்ட், உபுண்டு, ஸோரின், குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் நாலு போட்டிருந்தீங்க, நாலுக்கும் பேனாவால கோடு போட்டிருக்காரு. பக்கத்துலயே ஒரு பெட்டிச் செய்தி, கூகுளுக்குப் பதிலா ஏழு சர்ச் இன்ஜின்னு, அதுக்கும் கோடு. "இதுல நமக்கு எதுப்பா?"ன்னு கேட்டாரு. கட்டுரைய ரெண்டு தடவ படிச்சும் அதுக்கு மட்டும் பதில் கெடைக்கல, அதனாலதான் இந்த லெட்டர்.

முதல்ல அந்தத் தலைப்பு. முடிஞ்சாச்சுன்னு போட்டதும் அப்பா கம்ப்யூட்டரே இனி ஆன் ஆகாதுன்னு நெனச்சு பயந்துட்டாரு. 2015ல வந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்னிக்கு நின்னது இலவச செக்யூரிட்டி அப்டேட்தான், கம்ப்யூட்டர் எப்பவும் போல ஓடிட்டுதான் இருக்கும், ஆனா புதுசா ஒரு ஓட்டை கண்டுபிடிச்சா அடைக்க ஆள் வராது, அதான் விஷயம். வீட்டு யூசருக்கும் ஒரு வருஷ நீட்டிப்பு உண்டுன்னு மைக்ரோசாஃப்ட்டே அறிவிச்சிருந்தாங்க, அதையும் ஒரு வரி போட்டிருந்தா அவரு ஒரு ராத்திரி தூக்கம் கெட்டிருக்க மாட்டாரு. சரி, விண்டோஸ் 11க்கே போயிடலாம்னா டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் வேணும், ப்ராசசர் அவங்க லிஸ்ட்ல இருக்கணும், இன்டெல்னா ஏறக்குறைய எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான். அப்பா லேப்டாப் ஆறாவது. நல்லா ஓடுற மிஷினை தூக்கிப் போட மனசு வருமா?

மின்ட், உபுண்டு, ஸோரின் மூணும் லினக்ஸ் வகைதான், அதுல ஒண்ணு போட்டுப் பாக்கலாம்னு உக்காந்தேன். உங்க கட்டுரைல 'டவுன்லோட் செய்து நிறுவிக்கொள்ளலாம்'னு ஒரே வரில முடிச்சிட்டீங்க சார், அந்த ஒரு வரிக்குள்ள என் ஒரு நாள் போச்சு.

சர்ச்ல பேரை அடிச்சேன், முதல்ல வந்த லிங்க்கை தட்டுனேன், ஒரு பைல் இறங்குச்சு. மூணு எம்பி. ஐஎஸ்ஓன்னு சொல்ற இன்ஸ்டால் பைல்னா சுமாரா மூணு ஜிபி இருக்கணும், ஓஎஸ் மொத்தமும் அதுக்குள்ளதான இருக்கும், அப்ப இது என்னன்னு திரும்பிப் போய்ப் பாத்தா அந்த லிங்க்கு மேல பொடி எழுத்துல 'ஸ்பான்சர்டு'ன்னு இருக்கு. எவனோ காசு குடுத்து முதல் இடத்துல வச்ச ஏதோ ஒரு டவுன்லோடர். எனக்கு சைஸ் தெரிஞ்சதால தப்பிச்சேன், அப்பாவா இருந்தா டபுள் கிளிக் பண்ணி எல்லாத்துக்கும் 'எஸ்' குடுத்துட்டு எனக்கு போன் அடிச்சிருப்பாரு. சரியான சைட்டுக்குப் போனாலும் முழுசா நம்பிட முடியாது, 2016 பிப்ரவரில லினக்ஸ் மின்ட் சைட்டையே ஹேக் பண்ணி திருட்டுத்தனமா உள்ள நுழைய பின்வாசல் வச்ச ஐஎஸ்ஓவுக்கு லிங்க்கை மாத்தி விட்டாங்க, மின்ட் டீமே வெளிப்படையா சொன்ன விஷயம் அது. செக்சம்னு ஒரு நீட்டு நம்பர் குடுத்திருப்பாங்க பாருங்க, அது சும்மா அலங்காரத்துக்கு இல்ல, இறக்குன பைலோட நம்பரும் அதுவும் ஒண்ணா இருக்கான்னு ஒத்துப் பாக்கத்தான்.

அடுத்து பென்டிரைவ். ரூஃபஸ் இல்ல பலீனா எட்சர்னு ஒரு சாஃப்ட்வேர் வச்சு அந்த ஐஎஸ்ஓவை அதுல எழுதணும், எழுதுனா அதுல ஏற்கனவே இருந்தது எல்லாம் போயிடும். அப்புறம் லேப்டாப் ஆன் ஆகி லோகோ வர்றதுக்குள்ள எஃப் 12ஓ எஃப் 9ஓ எஸ்கேப்போ தட்டி பென்டிரைவ்ல இருந்து ஆன் ஆகச் சொல்லணும், கம்பெனிக்கு கம்பெனி வேற, நான் அஞ்சு தடவ விட்டு ஆறாவது தடவதான் பிடிச்சேன். ஆனா அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க, எதையும் இன்ஸ்டால் பண்ணாமலே பென்டிரைவ்ல இருந்தே முழு டெஸ்க்டாப்பும் ஓடுது, சவுண்டு வருது, டச்பேடு வேலை செய்யுது, பிரின்டரை சொருகுனா அதுவா கண்டுபிடிச்சுக்குது. அப்பா அரை மணி நேரம் நோண்டிப் பாத்தாரு. பிடிக்கலன்னா பென்டிரைவை உருவிட்டு ரீஸ்டார்ட் பண்ணா பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். மாறணுமா வேணாமான்னு யோசிக்கிற ஆளுக்கு இதை விட முக்கியமான சேதி ஒண்ணு இருக்கா சார்? உங்க கட்டுரைல இது ஒரு வரி கூட இல்ல! பென்டிரைவ்ல ஓடுறப்ப கொஞ்சம் மெதுவாதான் இருக்கும், செட்டிங்ஸ் எதுவும் சேவ் ஆகாது, அதை வச்சு லினக்ஸே ஸ்லோன்னு முடிவு கட்டிடக் கூடாது.

எங்களுக்கு வைஃபை மட்டும் வரல. சில சிப்புக்கு டிரைவர், அதாவது அதை ஓட வைக்கிற சாஃப்ட்வேர், தனியா போடணும், டிரைவர் போட நெட் வேணும், நெட்டுக்கு வைஃபை வேணும்னு சுத்திச் சுத்தி அங்கயே வந்து நிக்குது. போனை யுஎஸ்பில சொருகி டெதரிங் (போன் நெட்டை கம்ப்யூட்டருக்குக் குடுக்குறது) ஆன் பண்ணி டிரைவர் மேனேஜரைத் திறந்தா ரெண்டு நிமிஷத்துல சரியாச்சு. இன்ஸ்டால் பண்றப்ப கேக்குற ஒரு கேள்விலதான் உசுரு இருக்கு, டிஸ்க்கை அழிச்சிட்டுப் போடவா, விண்டோஸ் பக்கத்துலயே போடவான்னு கேக்கும். என் ஃப்ரெண்டு ஒருத்தன் படிக்காம முதல் ஆப்ஷனை தட்டிட்டு பத்து வருஷ போட்டோவை விட்டான். இத்தனைக்கும் அவன் சாஃப்ட்வேர்ல வேலை பாக்குறவன்.

நாலுல எதுன்னா, என் கணக்குக்கு இப்படி. விண்டோஸ் பழகுன கைக்கு மின்ட் இல்ல ஸோரின், ஸ்டார்ட் மெனு இருந்த இடத்துலயே இருக்கும். ஸோரின்காரங்க 18ஆவது வெர்ஷனை விண்டோஸ் 10க்கு சப்போர்ட் நின்ன அதே நாள்ல வெளியிட்டாங்க, ஆளுங்க கில்லாடிங்க. பிரவுசரைத் தவிர வேற எதுவும் திறக்காத ஆளுன்னா குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் போதும், ஆனா ஆண்ட்ராய்டு ஆப் போட முடியும்னு நெனச்சு ஏமாற வேணாம், ஃப்ளெக்ஸ்ல அது கெடையாது. போட்டோஷாப்போ விண்டோஸ்ல மட்டும் ஓடுற கணக்கு சாஃப்ட்வேரோ வச்சு பொழப்பு நடத்துறவங்க அவசரப்படாதீங்க, லினக்ஸ்ல எம்எஸ் ஆபிஸுக்குப் பதிலா இருக்குற லிப்ரே ஆபிஸ் லெட்டர் எழுத, எக்செல் ஷீட்டு பாக்க சமாளிக்கும், எல்லாத்துக்கும் அது ஈடு இல்ல.

இப்ப சர்ச் இன்ஜின் பெட்டிக்கு வர்றேன். பிங், யாஹூ, டக்டக்கோ, இகோசியா, க்வான்ட், ஸ்டார்ட்பேஜ், பிரேவ்னு ஏழு பேர் போட்டு ஏழும் வேற வேற மாதிரி எழுதியிருந்தீங்க. யாஹூ, டக்டக்கோ, இகோசியா, க்வான்ட் எல்லாம் பெரும்பாலும் பிங் குடுக்குறதை வாங்கித்தான் காட்டிட்டு வந்திருக்கு, ஸ்டார்ட்பேஜ் முக்கியமா கூகுள்கிட்ட வாங்குது. இன்டர்நெட்டை தானே அலசி பெரிய இன்டெக்ஸ், அதாவது எந்தப் பக்கத்துல என்ன இருக்குங்கிற பட்டியல், வச்சிருக்கிறது அந்த ஏழுல பிங்கும் பிரேவும்தான். போர்டு ஏழு, குடோன் மூணு: பிங், பிரேவ், கூகுள். 2024 மே மாசம் பிங் ஒரு நாள் படுத்தப்ப டக்டக்கோ, இகோசியா ரெண்டும் கூடவே படுத்துச்சு, அப்பதான் நெறைய பேருக்கு இந்த சங்கதியே தெரிஞ்சுது. இகோசியாவும் க்வான்ட்டும் சேர்ந்து சொந்தமா இன்டெக்ஸ் கட்டப் போறோம்னு 2024ல அறிவிச்சு வேலையில இறங்கியிருக்காங்க, நல்லது. உடனே டக்டக்கோ வீண்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க, நாம என்ன தேடுறோம்னு பின்னாடியே வந்து குறிச்சு வைக்காம இருக்குறது தனி லாபம், அது வேற கணக்கு.

தமிழ்ல தேடுறப்பதான் வித்தியாசம் பளிச்னு தெரியுது. நம்ம மொழில ஒரு சொல்லு ஒரே மாதிரி நிக்காது பாருங்க, வீடு வீட்டுல ஆகும், வீட்டுக்கு ஆகும், எழுத்தே மாறிடும். 'அழிந்த கோப்பை மீட்பது எப்படி'ன்னு நான் ஒரு சின்ன இன்ஜின்ல போட்டா விளையாட்டுக் கோப்பை பத்தி நாலு நியூஸ் வருது, சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. அதனால நானே தமிழ்ல தேடணும்னா கூகுளுக்குதான் போறேன், ஒத்துக்கிறேன். ஆனா அதை நானா தேர்ந்தெடுக்கணும்ல? கூகுள் மேல அமெரிக்கால நடந்த வழக்குல, போன்லயும் பிரவுசர்லயும் தன்னை டீஃபால்டா, அதாவது நாம எதையும் மாத்தாமலே வர்ற இன்ஜினா, வைக்க 2021 ஒரு வருஷத்துல மட்டும் 2,630 கோடி டாலர் குடுத்திருக்குன்னு வெளிய வந்துச்சு, தேடல்ல சட்டவிரோதமா ஏகபோகம் வச்சிருக்குன்னு நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட்ல தீர்ப்பும் சொன்னாரு. நாம மாத்த மாட்டோம்னு தெரிஞ்சுதான அவ்வளவு காசு குடுக்குறாங்க. பிரவுசர் செட்டிங்ஸ்ல சர்ச் இன்ஜின்னு ஒரு வரி இருக்கும், அதைத் தட்டி வேற ஒண்ணை தேர்ந்தெடுத்தா முடிஞ்சுது. அப்பாகிட்ட காட்டுனப்ப "இதை மாத்தலாமா?"ன்னு கண்ணை விரிச்சாரு.

ஏஐ சுருக்கம்னு இப்ப மேலயே ஒரு பத்தி வருதே, வைஃபை டிரைவருக்கு நான் தேடுனப்ப அது இல்லாத ஒரு மெனுவுக்கு வழி சொல்லுச்சு, நானும் பத்து நிமிஷம் தேடுனேன். கீழ இருந்த அஞ்சு வருஷப் பழைய ஃபோரம் பதிவுலதான் டெதரிங் ஐடியாவே கெடைச்சுது.

இதெல்லாம் தாண்டி கடைசியா ஒண்ணு மாட்டுச்சு. அப்பா பழைய வேர்டு பைலைத் திறந்தாரு, பக்கம் பூரா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டிக் கெடக்கு. "எல்லாம் போச்சா?"ன்னு குரலே மாறிடுச்சு. ஒண்ணும் போகல, அவரு அந்தக் காலத்துல டைப் பண்ணது பாமினி எழுத்துருல, அதுல இங்கிலீஷ் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல தமிழ் உருவத்தை உக்கார வச்சிருப்பாங்க, எழுத்துரு இல்லாத சிஸ்டத்துல அதோட வேஷம் கலைஞ்சுடும். பழைய விண்டோஸ்ல இருந்து பாமினி பைலை எடுத்து புதுசுல போட்டதும் தமிழ் வந்துடுச்சு. ஆனா தமிழா தெரியுதே தவிர கம்ப்யூட்டருக்கு அது இன்னும் இங்கிலீஷ்தான், தமிழ்ல அடிச்சு தேடுனா ஒண்ணும் சிக்காது, எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாத்துனாதான் சிக்கும். நெட்ல இந்த மாதிரி எழுத்துருல ஏத்தி விட்ட பழைய தமிழ்ப் பக்கங்களுக்கும் இதே கதிதான், எந்த சர்ச் இன்ஜினுக்கு மாறுனாலும். புதுசா டைப் பண்ண கவலை இல்ல, கீபோர்டு லேஅவுட்ல தமிழ் சேர்த்தா தமிழ்99ங்கிற கீபோர்டு முறை அதுலயே இருக்கு, அப்பாதான் பழைய பழக்கத்துல விரலை வச்சிட்டு திட்டிட்டு இருக்காரு.

அடுத்த தடவ இந்த மாதிரி எழுதுறப்ப பத்து பேரை அடுக்காதீங்க சார். ஒரே ஒரு ஓஎஸ்ஸை எடுத்து, சரியான சைட் முகவரி, பென்டிரைவ்ல ஓட்டிப் பாக்குற முறை, அழிச்சிடுற ஆப்ஷன் எது, தமிழ் எழுத்துருக்கு என்ன பண்ணணும்னு கால் பக்கம் போடுங்க, கத்தரிச்சு வைக்க ஆள் இருக்கு.

அப்பாவோட பைல் அறுபது சொச்சம், இருபதை யூனிகோடுக்கு மாத்தியாச்சு. கன்வெர்ட்டர்ல போடுறப்ப 'ஸ்ரீ' மட்டும் ஒவ்வொரு தடவையும் உடைஞ்சு வருது, நான் கையாலதான் திருத்திட்டு இருக்கேன். யாராவது வாசகருக்கு வழி தெரிஞ்சா உங்க பக்கத்துலயே எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்