நான்கு மட்டை, இரண்டு வளாகம்: தொடர் அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். டேபிள் டென்னிஸ், பேட்மிண்டன், ஸ்குவாஷ், டென்னிஸ் என்று ஒரே எதிராளியோடு ஆளுக்கொரு 21 புள்ளி செட்டாக நான்கையும் ஆடி, மொத்தப் புள்ளியில் யார் முன்னால் என்று பார்க்கும் நம் ராக்கெட்லானின் இந்த சீசன் ஒருவழியாக முடிந்து தரவரிசையும் வந்துவிட்டது. என் பெயரைக் கீழிருந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும், அதில் எனக்கு வருத்தமில்லை, என் பேக்ஹேண்டுக்கு அந்த இடம்தான் நியாயம். நான் எழுதுவது வேறு விஷயத்துக்காக. ஒரு ஆட்டத்தின் நான்கு செட்டையும் ஒரே வளாகத்தில் நடத்துங்கள். முடியாவிட்டால், முடியாது என்பதை நுழைவுக் கட்டணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

சீசனின் கடைசிப் போட்டியில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். டேபிள் டென்னிஸ், பேட்மிண்டன், ஸ்குவாஷ் மூன்றும் ஓரிடம், டென்னிஸ் மட்டும் ஊரின் இன்னொரு மூலை. "ஷட்டில் வசதி உண்டு" என்று அறிவிப்பில் போட்டிருந்தீர்கள். ஷட்டில் இருந்தது, ஆடினோம், 21-12 என்று தோற்கவும் செய்தேன். வண்டியைத்தான் காணோம்.

என் ஆட்டக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டேபிள் டென்னிஸில் 21-14, பேட்மிண்டனில் 12-21, ஸ்குவாஷில் 21-15. கூட்டிப் பார்த்தால் நான் நான்கு புள்ளி முன்னால். ஸ்குவாஷ் கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், கால் நன்றாகச் சூடேறியிருந்தது, அப்படியே டென்னிஸ் மட்டையைக் கையில் கொடுத்திருந்தால் ஓடியிருப்பேன். மணி நாலு இருக்கும். டென்னிஸில் முதல் சர்வ் போட்டபோது ஆறே கால்.

நடுவில் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? வாசலில் நின்றேன். மூன்று ஜோடி ஷூ (உள்ளரங்கத் தரையில் தடம் விழக் கூடாது, டென்னிஸ் கோர்ட்டில் அந்த ஷூ நிற்காது, மூன்றாவது ஈரமானால் மாற்றுவதற்கு), நான்கு மட்டை, ஒரு ஸ்குவாஷ் கண்ணாடி, எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டு. முதல் அரை மணி நேரம் குதித்துக்கொண்டிருந்தேன், உடம்பு ஆறக் கூடாதே என்று. அப்புறம் வெட்கமாகிவிட்டது, பைமேலேயே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் தொடை பிடித்துக்கொண்டது. எதிராளியை அவருக்குத் தெரிந்தவர் யாரோ காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் போய் இறங்கியபோது அவர் பக்கத்துக் கோர்ட்டில் பந்தடித்து நன்றாக வியர்த்திருந்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, காரில் இன்னொரு இடம் இருந்திருந்தால் நானும்தான் ஏறியிருப்பேன்.

சில நிமிடம் வார்ம்-அப், உடனே ஆட்டம். 17-20 என்று பின்தங்கியிருந்தேன். ராக்கெட்லான் தெரியாதவர்களுக்கு அது தோல்வி மாதிரி தெரியும், உங்களுக்குத் தெரியும் அது எனக்கு மேட்ச் பாயிண்ட் என்று. அந்த ஒரு புள்ளி விழுந்திருந்தால் டென்னிஸில் தோற்றாலும் மொத்தத்தில் ஜெயித்திருப்பேன். குறுக்கே வந்த பந்து, எட்டக்கூடிய பந்து, கால் வரவில்லை. 17-21. இருவருக்கும் மொத்தம் 71. கும்மியார்ம், அதாவது மொத்தம் சமமானால் ஆட்டத்தையே தீர்மானிக்கும் ஒற்றைப் புள்ளி. சர்வ் என்னிடம் வந்தது. இரண்டாவது சர்வ் கிடையாதே, வலையில் அடித்தேன், கதை முடிந்தது.

ஸ்வீடன்காரர்கள் அந்த ஒற்றைப் புள்ளிக்கு "ரப்பர் கை" என்று பேர் வைத்ததே பதற்றத்தில் கை துவண்டுபோகும் என்பதால்தான். வண்டிக்குக் காத்திருந்து விறைத்துப்போன கைக்கு என்ன பேர் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சரி, ஒருவன் தோற்றுவிட்டுப் புலம்புகிறான் என்று நீங்கள் நினைக்கலாம், நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த விளையாட்டின் சுவாரசியமே விட்டுவிடாமல் தொடர்ந்து ஆடுவதில்தானே இருக்கிறது? சின்ன மட்டையில் தொடங்கிப் பெரிய மட்டையில் முடிக்கிறோம். பேட்மிண்டனில் சுழற்றிய மணிக்கட்டை டென்னிஸுக்குப் பூட்ட வேண்டும், ஸ்குவாஷில் சுவரைப் பார்த்து நின்ற கண் வலைக்கு அந்தப் பக்கம் பார்க்கப் பழக வேண்டும், அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டே. அந்த மாற்றத்தில்தான் ஒருவர் நல்ல ராக்கெட்லான் ஆட்டக்காரரா, அல்லது வெறுமனே நாலு விளையாட்டு தெரிந்தவரா என்று பிரியும். இடையில் இரண்டே கால் மணி நேரத்தைச் செருகிவிட்டால் அது நாலு தனி ஆட்டம், ஸ்கோரை மட்டும் கூட்டிக்கொள்கிறோம்.

உங்கள் சிரமம் புரியாமல் இல்லை. நாலும் இருக்கிற வளாகம் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் ஸ்குவாஷ் கோர்ட் இரண்டோ மூன்றோதான் இருக்கும், எல்லா ஆட்டமும் அந்த வாசலில் வந்துதான் முட்டும். அதனால்தான் சொல்கிறேன், ஸ்குவாஷ் கோர்ட் எத்தனை என்று எண்ணிவிட்டு, அதற்கேற்ற அளவுக்குப் பெயர்களைச் சேருங்கள். ஒற்றையர், இரட்டையர், கலப்பு, வயதுப் பிரிவுகள், தோற்றவர்களுக்கு இட வரிசை ஆட்டங்கள், எல்லாம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வார இறுதிக்குள் திணித்துவிட்டு, அட்டவணையை முந்தைய நாள் இரவு பதினோரு மணிக்கு அனுப்பி, காலையில் அதையும் மாற்றினால் நாங்கள் எப்போது தூங்குவது, எப்போது சாப்பிடுவது? தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்கு நடுவர் என்று வேறு ஒரு ஏற்பாடு. நானும் நின்றேன், அந்தத் தொடையோடு.

பரிசளிப்பு மேடையில் பேசியதைக் கேட்டேன், நன்றாக இருந்தது. 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்குவாஷும் சேருகிறது, அதோடு நம் நான்கு விளையாட்டுமே ஒலிம்பிக்கில் இருக்கும், நாமும் அங்கே போகும் நாள் தூரத்தில் இல்லை என்றீர்கள். நானும் கைதட்டினேன். ஒலிம்பிக்கே நான்கையும் ஒரே ஊருக்குக் கொண்டுவரப் போகிறது, நாம் ஒரே காம்பவுண்டுக்குக் கொண்டுவர முடியாதா என்று அப்போதே கேட்டிருப்பேன், மைக் என்னிடம் இல்லை. அந்த மேடையில் விளம்பரத் தட்டிகள் பதினொன்று இருந்தன, எண்ணினேன், வேறு வேலை இல்லை. அதில் ஒன்றைக் குறைத்து இன்னொரு வண்டி வைத்திருக்கலாம்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். உங்களில் பலர் சம்பளம் வாங்காமல் இதைச் செய்கிறீர்கள் என்பதும் தெரியும், விடியற்காலையில் வலை கட்டிக்கொண்டிருந்தவர்களையும் பார்த்தேன். அவர்களைச் சொல்லவில்லை. இடத்தை முடிவு செய்பவர்களிடம்தான் கேட்கிறேன், பணிவாகவே கேட்கிறேன்: அடுத்த சீசன் நாட்காட்டியை வெளியிடும்போது ஒவ்வொரு போட்டிக்கும் நேராக, நான்கு செட்டும் ஒரே வளாகமா இல்லையா என்று ஒரே ஒரு வரி போடுங்கள். இல்லையென்றால் எவ்வளவு தூரம், வண்டி எத்தனை, ஒரே ஆட்டத்தின் இரண்டு செட்டுக்கு நடுவே அதிகபட்சம் எத்தனை நிமிடம் என்பதையும் போடுங்கள். இருபது நிமிடம் என்றால் வருகிறேன். இரண்டு மணி நேரம் என்றாலும் ஒருவேளை வருவேன், ஆனால் தெரிந்து வருவேன், மடக்கு நாற்காலி ஒன்றும் கொண்டுவருவேன்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
71-71இல் தோற்ற ஓர் ஆட்டக்காரன்