இலை மேலே மடங்குகிறதா, கீழே கவிழ்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாடித்தோட்டப் பக்கத்தை வாராவாரம் வெட்டி எடுத்து வைப்பவள் நான். சென்ற வாரம் மிளகாய்ச் செடி சுருண்டால் வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்லியிருந்தீர்கள். தவறில்லை, ஆனால் பாதிதான். எல்லாச் சுருட்டையும் ஒன்று என்று நினைத்து இரண்டு வருஷத்துக்கு முன் நான் பட்ட பாட்டை இன்னொருவர் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம். புரட்டாசி மழையை நம்பி முண்டு மிளகாய் விதைத்து, மாசி, பங்குனியில் பழம் பறித்துக் களத்தில் காயப்போடுகிற குடும்பம். உருண்டையாக, தோல் தடித்து இருக்கும் அந்த வத்தலுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அண்ணன் விடியற்காலையிலேயே போன் போட்டுச் சொன்னார். மதுரைக்கு வாக்கப்பட்டு வந்து, தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அவர் கொடுத்தனுப்பிய விதையில்தான் மாடியில் எட்டுப் பை முண்டு போட்டேன். இன்னும் நாலு பையில் காந்தாரி மிளகாய்.

தை வரைக்கும் செழிப்பாக இருந்த செடிகள் மாசியில் சுருள ஆரம்பித்தன. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "முடக்குதானே?" என்று ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டார். பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை அடித்தேன். செடி இன்னும் மோசமாகச் சுருண்டது. குருத்து குறுகி, இலைக்காம்பு எலிவால் மாதிரி நீண்டுபோனது. அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்றும் கடையில் சொல்லவில்லை. அந்த மாதத்துக் காய் முழுவதையும் குப்பையில் கொட்டினேன். மிளகாய் பறிக்க மாடிக்கு ஓடிவருகிற பேரனைச் செடியைத் தொடவிடாமல் தடுத்தது இன்னும் மனதை அறுக்கிறது.

அண்ணனிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏத்தா, எலை மேல மடங்குதா, கீழ கவுறுதா?"

கீழே. கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி. "அப்ப அது எலைப்பேன் இல்ல, சிலந்தி. எதுக்கு அந்த மருந்த அடிச்ச?" என்றார்.

வலை பின்னும் வீட்டுச் சிலந்தி அல்ல இது. மஞ்சள் முரணைச் சிலந்தி என்பார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பேரனுடைய லென்ஸை வைத்துக் குருத்திலையின் அடியில் பார்த்தபோதுதான் பொடிப்பொடியாக நகர்வது தெரிந்தது. ஆறு கால் பூச்சிக்கென்று விற்கும் மருந்துகளில் பல இந்த எட்டுக்காலிக்குக் கேட்காது. அதைத் தின்று செடியைக் காப்பாற்றும் நல்ல உயிர்கள்தான் செத்துப்போகும். நான் காசு கொடுத்துச் செய்தது அதைத்தான். அண்ணன் சொன்னபடி சுருண்ட நுனிகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, 80 சதவீத நனையும் கந்தகத் தூளை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தேன். ஒன்பது செடிகள் பிழைத்தன.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்தைப் படித்து வேப்பெண்ணெய் அடித்தவர்கள், இரண்டு வாரமாவது போகாமல் கந்தகத்தைத் தொடவேண்டாம். இரண்டும் சேர்ந்தால் இலை கருகிவிடும். கடும் வெயில் நாளிலும் கந்தகம் ஆகாது.

இலை மேல்நோக்கித் தோணி மாதிரி மடங்கினால் அது இலைப்பேன். பூவை வெள்ளைத் தாளின்மேல் தட்டிப் பாருங்கள், மெல்லிய துரும்பு போல ஓடும். இதற்குத்தான் வேப்பெண்ணெய்: லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், வாரம் ஒரு முறை. அதற்கு முன் இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும்.

மூன்றாவது வகைக்குத்தான் மருந்தே கிடையாது. இலை சிறுத்து, மஞ்சளோடி, கணுக்கள் நெருங்கி, செடி கொத்தாகக் குட்டையாக நின்றுவிடும். அசைத்தால் வெள்ளை ஈ பறக்கும். அந்த ஈ பரப்பும் வைரஸ் நோய் இது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு வேரோடு பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்துவதுதான் வழி. நான் ஒரு காந்தாரியை ஆசையால் விட்டுவைத்தேன், பக்கத்தில் இருந்த இரண்டும் போயின.

பூ கொட்டுகிறது என்று பலர் உங்களுக்கு எழுதுகிறார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மதுரையில் பூ கொட்டத்தான் செய்யும், அந்தச் சூட்டில் மகரந்தம் தாங்காது. மோரும் பெருங்காயமும் நானும் தெளித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. நிழல்வலை கட்டி, தண்ணீரை ஒழுங்காக விட்டுக் காத்திருந்தேன். வெயில் தணிந்ததும் தானே பிடித்தது. செடி கரும்பச்சையாகத் தழைத்தும் பூ இல்லையென்றால் கடலைப் புண்ணாக்குக் கரைசலைக் கொஞ்சநாள் நிறுத்துங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று இலைகளின் படத்தை அருகருகே, வண்ணத்தில், அடிப்புறமும் தெரியும்படி ஒரு ஞாயிறு போட்டுவிடுங்கள். மருந்துக் கடைக்குப் போகிறவர் அந்தத் துண்டைக் கையில் கொண்டுபோகட்டும். வேண்டுமானால் இலைகளை நானே தபாலில் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.